பதினஞ்சு செகண்ட் கவர்

"படகுக்கு முழுக் கவர் வேணும். ஆனா பதினஞ்சு செகண்டுல கழட்டணும். அதுவும் ஒரே ஆள்."

கடைக்குள்ள கால் வைக்கும்போதே சொல்லிட்டார் கேப்டன். எந்தக் கப்பலுக்கும் அவர் கேப்டன் இல்லை. ஒரு விசைப்படகும் ஒரு வெள்ளைத் தொப்பியும் வாங்கினார், பேரு தானா ஒட்டிக்கிச்சு.

கவர் தைக்கிற டெய்லரம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாங்க.

"மழை இறங்குமா, வெயில்ல வெளுக்குமான்னுதான் சார் எல்லாரும் கேப்பாங்க. நீங்க போடுறதுக்கு முன்னாடியே கழட்டுறதைப் பத்திக் கேக்கறீங்க."

"மழையும் இறங்கக் கூடாது, வெளுக்கவும் கூடாது. முன்கண்ணாடியிலேர்ந்து பின்னாடி இன்ஜின் வரைக்கும் மூடணும். இப்ப இருக்கிற கவர்ல பதினெட்டு முடிச்சும்மா. அவிழ்க்கறதுக்குள்ள எனக்கு மீசை நரைச்சிடுது."

"பக்கத்துப் படகுத்துறைக்காரர் அரை நிமிஷத்துல படகைக் கிளப்பிடறாராம்," பின்னாலேயே வந்த மனைவி சொன்னாங்க. "இவருக்கு ஒரு வாரமா தூக்கம் இல்லை."

"பின்னே? அவன் போய்ட்டே இருப்பான், நான் முடிச்சோட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கணுமா?"

கடை நடுவுல அளவு பார்க்க ஒரு பழைய படகு இருந்துச்சு. டெய்லரம்மா அதுக்கு முதல் கவரைப் போட்டாங்க. ஓரத்துல கயிறு ஓடுற ரகம்.

கேப்டன் தொப்பியைத் திருப்பிப் போட்டார். செல்போனை மனைவி கையில கொடுத்தார்.

"டைம் பாரு. ஸ்டார்ட்."

கயிறு ஒரு பக்கம் போச்சு, இவர் ஒரு பக்கம் போனார். கடைசியில கவருக்குள்ளேயிருந்து குரல் மட்டும் வந்துச்சு.

"எவ்வளவு?"

"ஒரு நிமிஷம் பத்து. முதல்ல வெளிய வாங்க."

அடுத்தது எலாஸ்டிக் வச்சு, சுத்திலும் எட்டு பக்கிள். முப்பத்திரண்டு செகண்ட்.

"பரவாயில்லையே சார்."

"பத்தாதும்மா."

அந்த நேரம் மனைவிக்கு போன் வந்துச்சு. எடுத்த உடனே குரல் இளகிடுச்சு.

"சொல்லுடா கண்ணு. கால் வீக்கம் வத்துச்சா? தனியா மாடி ஏறாதே. ம்... இங்கதான் இருக்கார். ம்... அதே வீம்புதான்."

"யாரு, சோப்பு டப்பாவா?"ன்னார் கேப்டன், சத்தமா.

போனை வச்சதும் மனைவி டெய்லரம்மா பக்கம் திரும்பினாங்க. "இவர் தங்கச்சி. அக்கரையில இருக்கா. நிறைமாசம். ரோட்டுல சுத்திக்கிட்டுப் போனா ரெண்டு மணி நேரம், படகுல பதினோரே நிமிஷம். போய் ஒரு எட்டு பார்க்க மாட்டேங்கறார். எட்டு மாசமா பேச்சு இல்லை."

"ஏன், சொத்துத் தகராறா?"

"இவர் படகைப் பார்த்துட்டு, 'இதென்னண்ணா, சோப்பு டப்பா மாதிரி இருக்கு'ன்னு சொல்லிட்டா."

"சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடியும் சொன்னா," கேப்டனுக்கு மூக்கு சிவந்துடுச்சு. "அன்னிக்கே சொல்லிட்டேன். இனிமே அவ கால் என் படகுல படக்கூடாது. பேச்சு மாற மாட்டேன்."

டெய்லரம்மா கத்திரிக்கோலை டக்குன்னு மேஜையில வச்சாங்க. "படகுக்கு விழுந்து விழுந்து போர்வை தேடறீங்க. கூடப் பிறந்தவளுக்கு ஒரு வார்த்தைக்குப் பஞ்சமா?"

"நீங்க கவரைப் பாருங்கம்மா."

பார்த்தாங்க. கோபத்துல வேலை நல்லா ஓடும் போல. ஒரு பக்கத்து பக்கிளை எல்லாம் கழட்டி எறிஞ்சாங்க. "தண்ணிப் பக்கம் வெறும் எலாஸ்டிக் போதும். கரைப் பக்கம் மட்டும் நாலு பக்கிள். நடந்துக்கிட்டே நாலையும் தட்டிவிட்டு, ஒரே இழுப்பு."

கேப்டன் உள்ளங்கையைத் தேய்ச்சுக்கிட்டார். "லைட்டை அணைங்க."

"எதுக்கு?"

"அணைங்கம்மா."

டக், டக், டக், டக். சர்ருன்னு ஒரு சத்தம்.

"பதினாலு," இருட்டுல மனைவி குரல். அவங்களையும் அறியாம அதுல ஒரு குஷி.

டெய்லரம்மா கோபத்தை மறந்து கையைத் தட்டிட்டாங்க. "இருட்டுல எந்தப் போட்டி சார் வைக்கறாங்க?"

"எதுக்கும் இருக்கட்டும்." லைட் வந்ததும் கவரைப் புரட்டி உள்பக்கத்தைத் தடவினார். "இது சொரசொரன்னு இருக்கே. மெத்துன்னு துணி வச்சுத் தைக்க முடியுமா? விரிச்சா மெத்தை மாதிரி இருக்கணும்."

"ஏன், படகுக்கு முதுகு வலிக்குமா?"

"கீறல் விழக்கூடாதும்மா."

டெய்லரம்மா சிரிச்சுக்கிட்டே ஆர்டர் நோட்டைத் திறந்தாங்க. "டெலிவரி எப்போ?"

கேப்டன் இன்னும் பக்கிளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தார். "இருபத்தாறு."

"அப்ப நிதானமாவே தைக்கலாம்."

"ஐயையோ, கவரா? கவர் இருபதாம் தேதியே வந்தாகணும்."

"இருபத்தாறுன்னீங்களே?"

கேப்டன் தொப்பியைக் கழட்டி அதுக்குள்ள எதையோ தேடினார்.

மனைவி மெதுவா கிட்ட வந்தாங்க. "இருபத்தாறு டாக்டர் அவளுக்குச் சொன்ன தேதியாச்சே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அடுப்படிக் காலண்டர்ல நீதானே வட்டம் போட்டே. கேட்டா, கேஸ் தீர்ற தேதின்னே. நம்ம வீட்டுல இருக்கிறது கரண்ட் அடுப்பு."

மனைவி நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க.

"ஆஸ்பத்திரி இந்தக் கரையிலதானே இருக்கு," தொப்பியைப் பார்த்தே சொன்னார். "வலி, நேரம் பார்த்தா வரும்?"

மனைவி கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. ஆனாலும் விடலை. "அவ கால் உங்க படகுல படக்கூடாதுன்னீங்களே?"

கேப்டன் தொப்பியை எடுத்துத் தலையில வச்சார்.

"படுத்துக்கிட்டுத்தானே வருவா? கால் எங்க படுது?"