சத்தமில்லாமல் வந்த வண்டிவீடு

எங்கள் முகாம் மைதானத்துக்கு இருட்டிய பிறகு வருகிறவர்கள் விளக்கை அணைத்து, சத்தமில்லாமல் வண்டியை நிறுத்த வேண்டும். காவல்காரன் நான் கத்தினால்தான் கேட்பார்கள். அந்த ஆள் மட்டும் வாசலிலேயே காரை நிறுத்தி, பின்னால் இழுத்து வந்த, படுத்துத் தூங்க வசதியுள்ள வண்டிவீட்டைக் கழற்றி, தனியாகக் கையால் தள்ளிக்கொண்டு வந்தார்.

"உள்ள சம்சாரம் தூங்குதுங்கய்யா. இப்பதான் கண்ணசந்துச்சு."

இவ்வளவு மரியாதையை நான் நம்புவதில்லை. ஆள் படுத்திருக்கிற வண்டி அத்தனை லேசாக நகருமா? விடிந்ததும் போனேன். இரண்டு நாற்காலி போட்டு, இரண்டு டம்ளரில் டீ வைத்திருந்தார். ஒன்று தொடாமலே ஆறி, ஆடை படிந்திருந்தது.

"விடிஞ்சிருச்சுய்யா, இன்னும் என்ன குசுகுசுன்னு? எத்தனை பேருன்னு நான் பாக்கணும். எழுப்பு."

"வேணாங்கய்யா. ஆஸ்பத்திரில நாலு மாசம் தூங்காம கெடந்தவ."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். விரித்த படுக்கையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. உள்ளே யாருமில்லை என்று சொல்லத் திரும்பினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது, சாத்திய கதவுக்குக் கீழே இருந்த இரும்புப் படி, யாரோ கால் வைத்தது போல மெல்லத் தாழ்ந்தது.

நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் திரும்பி நடந்தேன்.