தீர்ப்பில் ஒரு திருத்தம்

“இந்த மனிசனுக்கு ஆயுள் தண்டனை குடுத்திருக்க வேணும்!” என்று நீலவேணி கையிலிருந்த தாளை மேசையில் போட்டாள்.

“தண்டனை இல்லை, தீர்ப்பு,” என்றேன் நான். “ஸ்பெயின்காரன் ‘சென்டென்சியா’ எண்டு எழுதினால் அது கோர்ட் சொன்ன தீர்ப்பு. அதை அப்பிடியே ‘சென்டென்ஸ்’ எண்டு இங்கிலிஷிலை போட்டால், டிவோர்ஸ் எடுத்தவன் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணினவன் ஆகிடுவான்.”

“தெரியும் மாஸ்டர். தெரிஞ்சுதான் சொன்னனான்.”

2004இல் எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகம் லண்டன் ரெய்னர்ஸ் லேனில், ஒரு சேலைக் கடைக்கு மேலே இருந்தது. ஸ்பானிய நீதிமன்றத் தாள்களை ஆங்கிலமாக்குவது நான். அதை வரிவரியாகச் சரிபார்ப்பது, லண்டனில் ஸ்பானிய மொழி படித்துப் பட்டம் எடுத்த நீலவேணி. அவள் என்னை ‘மாஸ்டர்’ என்பது மரியாதையால் அல்ல என்று எனக்கும் தெரியும்.

எங்கள் தொழிலில் தாளில் இருப்பவர்களின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. கணவன், மனைவி, மாப்பிளை, பொம்பிளை என்றுதான் பேசுவோம். தனக்குச் சம்பந்தமுள்ள தாளில் யாரும் ‘மொழிபெயர்ப்பு சரி’ என்று சான்றுக் கையெழுத்து வைக்கவும் கூடாது.

அன்றைய தாள், பார்சிலோனாவில் நடந்த ஒரு விவாகரத்தின் தீர்ப்பு. அந்தக் கணவன் இப்போது லண்டனில் மறுபடி கலியாணம் கட்டப் போகிறான். ஆங்கிலத் தாள் போனால்தான் பதிவு அலுவலகத்தில் நாள் கொடுப்பார்கள். ஆனால் மொழிபெயர்க்க வெளியே எடுத்தால் கட்டப்போகிற பொம்பிளையும் வாசிப்பாள். வாசித்த பிறகும் கலியாணம் நடக்குமா என்பதுதான் என் கவலை.

“வாசியும்,” என்றேன்.

நீலவேணி உரத்து வாசித்தாள். “‘கணவர் பிறப்பால் வெளிநாட்டவர். அப்படியிருந்தும், ஸ்பெயினில் பிறந்து வளர்ந்த மனைவி பேசும் ஸ்பானிய மொழியை விருந்தினர் முன்னால் திருத்தி வந்தார்.’ ஐயோ கடவுளே! ‘மனைவி வீட்டை விட்டுப் போகும்போது எழுதிவைத்த கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தி, அவருடைய தாய் வீட்டுக்கே தபாலில் அனுப்பினார்.’”

“விசரன்,” என்றேன்.

“இன்னும் கேளுங்கோ. ‘விசாரணையின்போது நீதிபதி சொன்ன ஒரு சொல்லையும் எழுந்து நின்று திருத்தினார்.’”

“முழு விசரன்!” நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் நீதிபதிக்கு முன்னாலேயே போய் நின்று கத்தியிருக்கிறது. இப்படி ஒரு படித்த மடையனை நான் கண்டதில்லை என்று சொல்ல ஆசைதான்.

அடுத்த வரியில் நீலவேணி நின்றாள்.

“மாஸ்டர், நீதிபதி ‘இழிவுபடுத்தும் நடத்தை’ எண்டெல்லோ எழுதியிருக்கிறார். நீங்கள் என்ன, ‘சின்ன மனத்தாங்கல்’ எண்டு போட்டிருக்கிறியள்?”

“இல்லை... பொம்பிளை வாசிச்சுப் பயந்திடுவா எண்டு...”

“பொம்பிளையின்ரை பயத்தைப் பொம்பிளை பாத்துக்கொள்ளுவா. பேனையைத் தாங்கோ.”

சட்டைப் பையில் இருந்த பேனையைக் கொடுத்தேன். சிவப்பு. என் பொய்யை ஒரே கோட்டில் வெட்டி, நீதிபதி சொன்னதையே மேலே எழுதினாள். எழுத்துப் பிழை ஏதும் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். பழக்கதோஷம்.

“இந்தத் தீர்ப்பு முடிஞ்ச முடிவோ? பிறகு அப்பீல், அது இது எண்டு அந்த மனிசி வரமாட்டாவே?” என்று விசாரித்தாள்.

“ஏன் வாறா? அவ தப்பினன் பிழைச்சன் எண்டெல்லோ இருப்பா.”

நீலவேணி சிரிக்கவில்லை. தாளைத் திருப்பி முதலிலிருந்து மறுபடி வாசித்தாள். கீழே சேலைக் கடையில் யாரோ கூறைச் சேலையின் நிறம் பிடிக்கவில்லை என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் தேத்தண்ணி ஆறிப் போயிற்று.

“திருந்துவானே?” என்று திடீரென்று கேட்டாள்.

“ஆர்?”

“இந்தப் புருசன்தான்.”

“முழுசாத் திருந்தமாட்டான்,” என்றேன். அதுவாவது உண்மையாக இருக்கட்டும். “ஆனால் முயற்சி செய்வான். மற்றது, கோர்ட் விசயத்திலை அவன் இவன் எண்டு சொல்லக் கூடாது. ‘எதிர்மனுதாரர் திருந்துவாரோ’ எண்டு கேக்கிறதுதான் முறை...”

அவள் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கினேன்.

“சரி, தாள் சரி,” என்றாள் நீலவேணி. “சான்றுக் கையெழுத்துத்தான் பாக்கி.”

முத்திரையை அவள் பக்கம் மெதுவாக நகர்த்தினேன்.

“நீர் வையுமன், நீலா.”

அவள் முத்திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முத்திரையை அப்படியே என் பக்கம் திருப்பித் தள்ளிவிட்டாள்.

“கிங்ஸ்பரி தேவராசா அண்ணையிட்டைக் கொண்டுபோவம்.”

தேவராசா எங்களுக்குப் போட்டியாக ஸ்பானியத் தாள் மொழிபெயர்ப்பவர். அவர் ஒரு வரி வாசித்தால் வெம்பிளி முழுக்க வாசித்த மாதிரி. போதாக்குறைக்கு, அவருடைய மொழிபெயர்ப்பையும் நான் ஒரு முறை நாலு பேருக்கு முன்னால் திருத்தியிருக்கிறேன்.

“அந்த மனிசனிட்டையோ? ஊர் முழுக்கச் சிரிக்கப் போகுது. நீரே வைச்சால் என்ன?”

நீலவேணி கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“நீங்கள் மாப்பிளை, நான் பொம்பிளை, எங்கட தாளிலை நாங்களே சைன் வைக்க ஏலுமே?”