மௌலி சாமியின் மூக்கு

“இன்னிக்கும் சாமி உதட்டப் பிதுக்கிட்டுப் போறாரு பாரு,” என்றாள் பக்கத்துப் பூக்கடை தங்கம்மாள், சாமந்தியைத் தொடுத்துக்கொண்டே.

டீக்கடைக்காரன் பிரகாஷ் பார்க்காமலா இருப்பான்? அவன் மட்டுமா, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரர்கள், கிரிவலப் பாதையில் காலை நடைக்கு வந்தவர்கள் எல்லோரும்தான் பார்த்தார்கள். ஒருத்தர் கையில் எடுத்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, எதிரே பிரசாத் கடையில் பால் டீ குடிக்கப் போய்விட்டார்.

மௌலி சாமியை அடி அண்ணாமலைப் பக்கம் தெரியாதவர் கிடையாது. பாதையோரத்துச் சின்னக் கோயில் ஒன்றில் மடைப்பள்ளிச் சமையல் அவருடையது. சுவாமிக்குப் படைப்பதை முன்னாடியே வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதால், உப்போ உறைப்போ, மூக்கு சொல்வதுதான் தீர்ப்பு. அந்த மூக்கு தப்பியதே இல்லை என்பது ஊர் நம்பிக்கை. மிளகு புதுசா பழசா, நெய் யார் வீட்டு மாட்டு நெய் என்பதையெல்லாம் வாசலில் நின்றே சொல்லிவிடுவாராம். நேரில் கேட்டவர் யார் என்று விசாரித்தால் மட்டும், அது எப்போதும் வேறு யாரோவாக இருக்கும்.

அப்பேர்ப்பட்ட மூக்குதான் சில வாரமாகக் காலையும் சாயங்காலமும் பிரகாஷின் மூலிகை டீக்கடைக்கு வருகிறது. சாமி வெளியில் எதுவும் குடிக்க மாட்டார். ஒவ்வொரு டப்பாவாகத் திறக்கச் சொல்வார். கிராம்பு, ஏலக்காய், பட்டை, சுக்கு என்று வரிசையாக, கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பார். பிறகு கொதிக்கிற பாத்திரத்தின்மேல் குனிந்து ஆவியை இழுப்பார். கடைசியில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். அவர் பின்னாலேயே வியாபாரமும் போய்விடும்.

பிரகாஷுக்கு இது சின்ன விஷயமில்லை. ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து கடை போட்டவன். சுக்கு வாயுவுக்கு, அதிமதுரம் தொண்டைக்கு, ஆவாரம்பூ சர்க்கரைக்கு என்று கலர் கலராகப் போர்டு வேறு எழுதி வைத்திருந்தான். அவன் மனைவி ரேவதி வைத்த கெடு வருகிற பௌர்ணமி. அதற்குள் கடை சூடு பிடிக்கவில்லையென்றால் மறுபடியும் ஓசூர், மறுபடியும் நைட் ஷிப்ட். பரண்மேல் கிடந்த பெட்டியை அவள் இறக்கி வைத்துவிட்டாள். துடைத்தும் வைத்துவிட்டாள்.

யோசனை சொல்ல ஊரில் ஆளா இல்லை? கிராம்பு கம்மி என்றாள் தங்கம்மாள். ஏலக்காய் ஜாஸ்தி என்றார் ஆட்டோ புகழேந்தி. மூலிகையே வேண்டாம் என்பதைத்தான் சாமி நாசூக்காகச் சொல்கிறார் என்றார் பிரசாத். பிரகாஷும் சளைக்காமல் டவுனுக்குப் போய் எல்லாச் சரக்கையும் புதிதாக வாங்கி வந்தான். துளசியைக் கூட்டினான், பட்டையைக் குறைத்தான். பிதுங்கிய உதடு பிதுங்கியபடியே இருந்தது.

ஒருநாள் வழிமறித்தே கேட்டுவிட்டான்.

“என்ன சாமி குறை? சொன்னா மாத்திக்கிறேங்க.”

மௌலி சாமி அக்கம்பக்கம் பார்த்தார். “நாளைக்கு வரேம்பா,” என்று நழுவிவிட்டார். பையன் மனசு புண்படக் கூடாதென்று பெரிய மனுஷர் மறைக்கிறார் என்று தெருவே உச்சுக் கொட்டியது.

பௌர்ணமியும் வந்தது. விடியற்காலையில் ரேவதி பெட்டிக்குள் சட்டைகளை மடித்து வைப்பதைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்த பிரகாஷ், யார்மேல் என்று தெரியாத கோபத்தில், டப்பாவிலிருந்த கிராம்பையெல்லாம் இடித்துப் பாத்திரத்தில் கொட்டினான். ஆவி எழும்பியதும் பெஞ்சடியில் படுத்திருந்த நாய் எழுந்து, தும்மிக்கொண்டே வேறு இடம் தேடிப் போனது.

மௌலி சாமி வழக்கம்போல் வந்தார். குனிந்தார். நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

“கிராம்பு,” என்றார். அவ்வளவுதான். அப்படியே உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

கால் மணியில் வரிசை பூக்கடையைத் தாண்டி நின்றது. குடித்தவர்கள் இருமினார்கள், மூக்கைச் சிந்தினார்கள், வேலை செய்கிறது என்று சொல்லி இன்னொரு டம்ளர் கேட்டார்கள். தான் அப்போதே சொன்னதை வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் தங்கம்மாள் தனித்தனியாகச் சொன்னாள். கடைசியில் பிரசாத்தே துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்து ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போனார். பெட்டியைத் திரும்பப் பரண்மேல் ஏற்றச் சொல்லி ரேவதிக்குப் போன் போட்டான் பிரகாஷ்.

கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தபோது, இன்னும் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்காத சாமிமுன் கைகட்டி நின்றான்.

“நேத்து வரைக்கும் என்னதான் குறைனு இப்பவாச்சும் சொல்லுங்க சாமி.”

மௌலி சாமி தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, அவனை அடுப்புக்குப் பின்னால் இழுத்தார்.

“டீல ஒண்ணும் குறையில்லப்பா. மாசி மாசம் ஒரு காய்ச்சல் வந்துது, அதோட எனக்கு எந்த வாசனையும் தெரியாமப் போயிடுச்சு. கிராம்பு, ஏலக்காய்னு தினம் ரெண்டு வேளை மோந்து பாத்துக்கிட்டே இருங்க, திரும்பி வரும்னாரு டாக்டர். இன்னிக்குத்தான் மொதல் தடவையா லேசா தெரியுது,” என்றவர், குரலை இன்னும் இறக்கினார். “வெளியில சொல்லிடாத. மாசியிலேர்ந்து கோயில் பொங்கல் வாசனை முன்னைக்கு இப்போ ஜாஸ்தினு ஊரே சொல்லிட்டிருக்கு.”