ஆறுகள் சேரும் இடத்தில்

இசபெல் தேநீர்க் கோப்பையை வைத்த வேகத்தில் பாதி மேசையில் கொட்டியது.

அவள் துடைக்கவில்லை.

தங்கை டயனா அவளை முறைத்தாள். ஞாயிறு பூசை முடிந்த கையோடு புருஷன் ஜெரோசனையும் இழுத்துக்கொண்டு, லண்டனின் சட்டனிலிருந்து மிட்சமில் இருக்கும் அக்கா வீட்டுக்கு பஸ் ஏறி வந்தது இந்த முகத்தைப் பார்க்கத்தானா?

ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய நாளிலிருந்து அக்கா இப்படித்தான். போன் எடுத்தால் ஓம், இல்லை. அதோடு வைத்துவிடுவாள்.

அத்தான் அருள்நேசன் எதையும் கவனிக்காதவர்போல டிவியில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். குரோய்டனில் கார் திருத்தும் கராஜ் வைத்திருக்கிறவர். கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருஷத்தைக் கொண்டாட என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு போய், அந்த வறண்ட வெளியில் டார்லிங் ஆற்றின் கரையோரமாகவே, முழுத் தூரமும் தானே ஜீப் ஓட்டிவிட்டு வந்திருக்கிறார்.

ஜெரோசன் டயனாவைக் கூட்டிப்போன ஆகப் பெரிய தூரம் பிரான்சின் லூர்து மாதா கோயில். அதுவும் பங்குக் கோயில் ஆட்களோடு பஸ்ஸில்.

“டார்லிங்கோடை போய் டார்லிங்கைப் பாத்தனான்” என்றார் அத்தான்.

ஜெரோசன் விழுந்து விழுந்து சிரித்தான். டயனாவும் சிரித்தாள். இசபெல் யன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

படங்கள் நல்ல படங்கள்தான். செம்மண் ரோடு, அதன் முடிவில் வெறும் வானம். சேற்று நிறத்தில் ஆறு. ஒரு காலத்தில் ஆட்டு ரோமப் பொதிகளை ஏற்றிக்கொண்டு நீராவிப் படகுகள் இதில் போய்வந்தனவாம். இப்போது சில இடங்களில் நடந்தே கடக்கலாமாம்.

வழியில் கார் நின்றால் இறங்கி நடக்கவே கூடாது என்றார் அத்தான். காரோடு இருந்தவர்கள் தப்பியிருக்கிறார்கள். தண்ணீர் தேடி நடந்தவர்களைப் பிறகு எலும்பாகத்தான் எடுத்தார்களாம்.

யன்னலடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று டயனாவுக்குத் தெரியவில்லை.

“கொக்காவுக்கு ஆறு பிடிக்கேல்லை” என்றார் அத்தான் டயனாவிடம், சிரித்த முகம் மாறாமல். “வழி முழுக்கப் பிழை பிடிச்சதுதான் மிச்சம். மெல்லப் போ, திருப்பு, மழை வரப்போகுது. செலவழிச்சுக் கூட்டிக்கொண்டு போனவனுக்கு இதுதான் கிடைக்கும்.”

டயனாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏனக்கா, இதிலை வந்து இருந்து பாக்க ஏலாதோ?”

“நான் பாத்திட்டன்.”

அத்தான் கடைசிப் படத்துக்கு வந்தார். வென்ட்வொர்த். டார்லிங் ஆறு மர்ரே ஆற்றோடு சேரும் இடம். இரண்டு நிறத் தண்ணீர், நடுவே ஒரு கோடு போட்டதுபோல. சாய்ந்த வெயிலில் மர நிழல்கள் தண்ணீருக்குக் குறுக்கே நீண்டு கிடந்தன. அத்தானின் கை அக்காவின் தோளில். அக்காவின் தலையில் அகன்ற விளிம்பு வைத்த ஒரு பழைய தோல் தொப்பி.

“தொப்பி வடிவா இருக்கு. எங்கையக்கா வாங்கினனி?”

சண்டையைத் தணிக்கத்தான் கேட்டாள்.

இசபெல் அப்போதுதான் டிவியைத் திரும்பிப் பார்த்தாள்.

“வாங்கேல்லை. இந்தப் படம் எடுத்த வெள்ளைக்காரி தந்தவ. தனிய றோட்டிலை நடந்துகொண்டிருந்த என்னைத் தன்ரை காரிலை ஏத்திக்கொண்டு வந்து இவரிட்டை விட்டவ.”

ஜெரோசனின் கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

அத்தான் சிரித்தார். “ஒரு வாக்குவாதம். கோவத்திலை இறங்கெண்டு சொன்னன். சொன்னா இறங்கிறதே? கொஞ்சத் தூரம் போயிட்டு உடனை திரும்பி வந்தனான், ஆளைக் காணேல்லை. அண்டைக்கு முழுக்க அந்த றோட்டிலை மேலும் கீழுமாத் தேடினன். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

ஜெரோசன் தலையாட்டினான். டயனாவும் ஆட்டப் பார்த்தாள். கோபத்தில் ஒரு சொல் வராத வீடு எங்கே இருக்கிறது?

இசபெல் மேசையைச் சுற்றிப் போய் அடுப்படிக்குள் நுழைந்தாள். டயனாவைக் கடந்தபோது முகத்தைக் கூடப் பார்க்கவில்லை. யாரும் தன்னை நம்பப்போவதில்லை என்று முன்னமே முடிவுகட்டியவளின் நடை அது.

டயனா போனை எடுத்தாள். விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனாள்.

அவள் மறந்திருந்தாள். அக்காவைத் தேடியதாகச் சொன்ன அதே நாளில் அத்தான் வென்ட்வொர்த்திலிருந்து அவளுக்கும் ஒரு படம் அனுப்பியிருந்தார். அதே இடம், அதே இரண்டு நிறத் தண்ணீர். ஆனால் உச்சி வெயில், நிழல்கள் மரத்தடியைத் தாண்டவில்லை. படத்தில் ஆட்கள் யாரும் இல்லை. கீழே, ‘வந்து சேந்திட்டம்’ என்று எழுதியிருந்தார்.

இங்கே லண்டனில் விடிய வேலைக்குப் போகும் பஸ்ஸில் அதைப் பார்த்துவிட்டு அவள் ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தாள்.

டயனா எழுந்தாள்.

“அக்கா, கோட்டைப் போடு. எங்கடை வீட்டை போவம்.”

“என்ன, நீயும் தொடங்கிட்டியோ?” என்றார் அத்தான்.

டயனா போனை ஜெரோசனின் கையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஜெரோசன் வாசித்தான். இதயத்துக்குக் கீழே டயனா ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: ‘அக்கா எங்கை?’

பதில் உடனேயே வந்திருந்தது.

‘காருக்குள்ளை நித்திரை.’