வெட்டு சாரின் வாதம்

"அழுகையெல்லாம் ஒரு வாதமா மேடம்? உள்ளே போய் இதைச் சொன்னீங்கன்னா உடனே வெட்டிடுவாங்க."

வெட்டு சார் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவளுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

அந்தக் கோச்சிங் சென்டரில் ரீசனிங் பாடத்துக்கு அவரும் அவளும்தான். எது வலுவான வாதம், எது வலுவற்றது என்று சொல்லித்தருவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. நோஞ்சான் வாதம் எதைக் கண்டாலும் சாக்பீஸால் சர்ரென்று ஒரு கோடு. பட்டப்பெயர் வந்த கதை அதுதான்.

இந்த வருடம் சேர்க்கை படுத்துவிட்டது. ஓனர் இருவரையும் கூப்பிட்டார்.

"ஒருத்தர் போதும். வாதம்தானே நடத்துறீங்க? உங்களை ஏன் வச்சுக்கணும்னு தனித்தனியா வந்து சொல்லுங்க. யார் வாதம் வலுவோ, அவங்க இருக்கலாம்."

அவள் கணவன் மாடிப்படியில் விழுந்து, இடுப்பொடிந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். அவள் சம்பளத்தில்தான் அடுப்பெரிகிறது. அதைச் சொல்லி வெட்டு சாரிடம் கண்கலங்கியதற்குத்தான் அந்தப் பதில்.

கல்நெஞ்சக்காரன் என்று மனசுக்குள் திட்டினாள். அந்த ரோஷத்திலேயே உள்ளே போனாள். வீட்டுக் கதையைப் பற்றி வாயே திறக்கவில்லை. தன் வகுப்பில் எத்தனை பேர் தேறினார்கள், கணக்குப் பாடத்தையும் தானே சேர்த்து எடுக்க முடியும், அவ்வளவுதான் பேசினாள்.

சாயங்காலம் ஓனர் சிரித்தார்.

"நீங்களே இருங்க மேடம். வெட்டு சாரை நினைச்சாத்தான் சிரிப்பு வருது. 'ரொம்ப வருஷமா இருக்கேன், அதனால இருக்கணும்'ங்கிறார். 'மத்த சென்டர்ல எல்லாம் சீனியரைத்தான் வச்சுக்கிறாங்க'ங்கிறார். 'என்னை அனுப்பினா நாலு பேர் என்ன பேசுவாங்க'ங்கிறார். இவ்வளவுதான் அவர் சரக்கு!"

நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவருடைய வகுப்புக்கு இவள் போனாள்.

"வலுவற்ற வாதத்தை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

முன்வரிசைப் பெண் எழுந்தாள். "'ரொம்ப நாளா இருக்கு, அதனால இருக்கணும்'னு வந்தா வெட்டிடணும். 'மத்த இடத்துல அப்படித்தான்'னு வந்தா வெட்டிடணும். 'நாலு பேர் என்ன பேசுவாங்க'ன்னு வந்தா யோசிக்கவே வேணாம். இந்த மூணையும் எங்களைச் சொல்ல வச்சுட்டுத்தான் சார் பாடத்தையே ஆரம்பிப்பார்."

அவள் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றது. தினமும் வெட்டிய மூன்றையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு அல்லவா மனிதர் உள்ளே போயிருக்கிறார்! நல்லா வேணும் என்று நினைத்ததற்கு இப்போது வெட்கமாக இருந்தது.

"அழுகை?" என்றாள் மெதுவாக. "அழுதுக்கிட்டுச் சொல்ற வாதத்தையும் வெட்டணுமா?"

"பரீட்சையில மட்டும் வெட்டுங்க, வெளியில வெட்டிடாதீங்கன்னு சார் சொல்லியிருக்கார் மேடம்."