பத்து விரல் மேடம்

"கிளாஸ்ல விரல் விட்டு எண்ணக் கூடாதாம்! கேட்டீங்களா இந்த அநியாயத்தை?"

மகளின் ஸ்கூல் பையை நாற்காலியில் வீசினார் மேடம்.

வாராவாரம் பெற்றோரைக் கூட்டி, சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருவது எப்படி என்று வகுப்பு எடுப்பவர் அவர். 'பத்து விரல் இருக்க, கணக்குக்குப் பயமெதுக்கு?' என்பதுதான் அவருடைய தாரக மந்திரம். அதனால் ஊருக்கே அவர் பத்து விரல் மேடம். அப்பேர்ப்பட்டவர் பெற்ற மகள் ஒன்றாம் வகுப்பில் பட்டனை வைத்து எண்ணிக்கொண்டிருந்தால் வயிறு எரியாதா?

"பட்டன்லயும் ஒன்பதுக்கு அப்புறம் பத்துதானே வரும்?" என்றார் கணவர், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"உங்ககிட்ட வந்து சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும். கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுது அந்த டீச்சர்!"

மகளைக் கூப்பிட்டார்.

"குட்டி, ஆறும் மூணும் எத்தனை?"

மகள் விரல்களை மடக்கி நீட்டி, "ஒன்பது" என்றாள்.

"வீட்டுல எவ்வளவு அழகா செய்யறே! கிளாஸ்லயும் இப்படியே செய்."

"மாட்டேன்."

"ஏன், மிஸ் அடிப்பாங்களா?"

"இல்ல."

"திட்டுவாங்களா?"

"இல்ல."

"பின்ன என்னடி?"

"மாட்டேன்னா மாட்டேன்."

கைக்குப் பட்டன் கொடுத்த மிஸ், வாய்க்கும் ஒன்று தைத்து அனுப்பியிருப்பார் போலிருக்கிறது.

மேடம் அன்றைக்கே வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குரூப்பில் கொட்டித் தீர்த்தார். 'டீச்சரை மாத்தச் சொல்லலாமா?' என்று கேட்டதுதான் தாமதம், கட்டைவிரல் கட்டைவிரலாக வந்து விழுந்தது. டீச்சருக்கோ இன்னும் நிரந்தர வேலை இல்லை. அத்தனை கட்டைவிரல் வேண்டியதே இல்லை, வீட்டுக்கு அனுப்ப நாலே போதும்.

மறுநாள் காலையில் மேடம் வகுப்பு வாசலில் நின்றார்.

"ஏன் டீச்சர், விரல்னா உங்களுக்கு என்ன வெறுப்பு?"

"வெறுப்பு இல்லைங்க மேடம். எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவர்ற மாதிரி ஒண்ணு இருந்தா நல்லதுன்னுதான் பட்டன்."

"விரலைவிட எல்லாருக்கும் பொதுவா என்ன இருக்கு? எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கேன் தெரியுமா?"

"மேடம், கொஞ்சம் அந்தப் பக்கம் வாங்க. தனியா ஒரு விஷயம் சொல்லணும்."

"தனியா என்ன ரகசியம்? எதுவா இருந்தாலும் பிள்ளைங்க முன்னாடியே சொல்லுங்க."

டீச்சர் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்ல முடியலைல்ல? தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நின்னா பதில் எங்கேருந்து வரும்? நான் இப்பவே பிள்ளைங்ககிட்டச் செஞ்சு காட்டறேன். அடுத்தது நேரா ஹெட்மாஸ்டர் ரூம்தான்."

டீச்சர் "வேண்டாங்க மேடம்" என்பதற்குள் மேடம் உள்ளே போய்விட்டார்.

"செல்லங்களா, எல்லாரும் ரெண்டு கையையும் மேல தூக்குங்க பாப்போம்!"

ஒரு கைகூட எழவில்லை.

"ஆன்ட்டி பாட்டு பாடி எண்ணப் போறேன். தூக்குங்க, தூக்குங்க!"

சிலர் கையைக் கட்டிக்கொண்டார்கள். சிலர் பெஞ்சுக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்கள். மேடத்தின் மகள் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்ப் பெற்றோரெல்லாம் சொன்னபடி ஆடுகிறார்கள், இந்த அரை டிக்கெட்டுகள் ஆட மாட்டேன் என்கின்றன.

"பிள்ளைங்களை என்ன பாடு படுத்தி வச்சிருக்கீங்க டீச்சர்! நான் பெத்த பொண்ணே என் பேச்சைக் கேக்கல!"

"அம்மா, பட்டன்..." என்று மகள் எழுந்து டப்பாவை நீட்டினாள்.

"பட்டனாவது கிட்டனாவது! உக்காருடி!"

ஜன்னலோரத்தில் ஒரு சிறுமி கவுன் பாக்கெட்டில் இரண்டு கையையும் நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடம் அவள் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"நீ நல்ல பிள்ளைதானே? கையை வெளிய எடு கண்ணு."

"மேடம், அவ வேண்டாம்..." டீச்சர் ஓடி வந்தார்.

"ஏன், உங்க குட்டு வெளிப்பட்டுடுமா?"

சிறுமி டீச்சரைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள். பெரியவர்கள் இரண்டு பேரும் தன்னால் சண்டை போடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. மெல்ல இரண்டு கையையும் எடுத்து டெஸ்க் மேல் வைத்தாள்.

"அப்படிப் போடு!" மேடம் டீச்சரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வலது கையிலிருந்து ராகத்தோடு தொட்டு எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு..."

இடது கைக்குப் போனார்.

"ஆறு, ஏழு, எட்டு..."

அதற்கு மேல் தொட விரல் இல்லை. அந்தக் கை பிறக்கும்போதே அப்படி.

ராகம் பாதியில் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. மேடத்தின் மகள் மட்டும் மூக்கை உறிஞ்சினாள். மேடத்தின் கை டெஸ்க் மேலேயே தங்கிவிட்டது.

அவர் திணறுவதைப் பார்த்துச் சிறுமிக்குத்தான் பாவமாகப் போய்விட்டது. டெஸ்க்கில் இருந்த அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"பரவால்ல ஆன்ட்டி. முதல் நாள் எனக்கும் இப்படித்தான் எட்டோட நின்னுடுச்சு. மிஸ்கிட்ட பட்டன் இருக்கு, ரெண்டு வாங்கிக்கங்க."