தணிக்கை அதிகாரியின் தேக்கு

ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரிக்கு உலகமே திருட்டுக் கும்பல்தான். மகள் வீட்டு மேசைக்கான தேக்கு அடிமரத்தை அறுவைக் கொட்டகையில் இறக்கியதும், ரம்பக்காரர் அதை ஏன் இப்படித் தடவித் தடவிப் பார்க்கிறார்?

“உள்ள இரும்பு ஏதும் இருக்கா சார்?”

“என் மரத்துல இரும்பு எப்படிய்யா வரும்? மரத்தை மாத்தப் பார்க்கிறியா?”

“இவ்வளவு பெருசை மடியில கட்டிக்கிட்டா ஓடப் போறேன்?”

சங்கிலி ரம்பம் நாலு விரற்கடைகூட இறங்கவில்லை. தீப்பொறி பறந்தது, சங்கிலி அறுந்து விழுந்தது. வெட்டுக்குள் புத்தம்புது ஆணிகள் பளபளத்தன.

“யார் சார் அடிச்சது?”

அதிகாரி கூரையை ஆராய்ந்தார். கூட வந்திருந்த அவர் மனைவிதான் வாயைத் திறந்தார். “நீங்க மாத்திட்டா கண்டுபிடிக்கணுமாம் தம்பி. அடையாளத்துக்கு நாற்பது ஆணி அடிச்சு, தலை தெரியாம மெழுகு பூசிக் கொண்டு வந்திருக்கார்.”

ரம்பக்காரர் அறுந்த சங்கிலியைச் சுருட்டினார்.

“பயமே வேண்டாம் சார். இனி இந்த மரத்தை எந்தத் திருடனும் தொடமாட்டான்.”